முன்வரிசையில் பெரிய முள்ளங்கிகள்

மூன்றாம் வகுப்பு டீச்சர் அன்றைக்குச் சிவப்புப் பேனாவை நிறையவே செலவழித்தாள். ‘முள்ளங்கி எங்கிருந்து வருகிறது?’ என்று ஒரு கேள்வி. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடும் என்று நினைத்துத்தான் கொடுத்தாள். பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதியிருந்தார்கள். ‘கடையிலிருந்து.’ அடுத்த தாள், ‘கடையிலிருந்து.’ ஒருத்தன் மட்டும் ‘பிரிட்ஜிலிருந்து’ என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு பிரிட்ஜும் வரைந்திருந்தான். பின்வரிசையில் உட்காரும் தையல்காரியின் மகள் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தாள். ‘டீச்சர் வீட்டு அங்கிள் கடையிலிருந்து.’

டீச்சர் எல்லாவற்றுக்கும் தப்பு போட்டாள்.

தையல்காரியின் மகளுக்கு வகுப்பில் வைத்த பெயர் வக்கீல். தாள் கைக்கு வந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

“டீச்சர், நான் எழுதினது பொய்யா?”

“பொய்யின்னு யாரு சொன்னா? தப்புன்னுதான் போட்டிருக்கேன்.”

“எங்கம்மா அங்கதானே வாங்குறாங்க. பொய் இல்லாதது எப்படி டீச்சர் தப்பாகும்?”

டீச்சர் அந்தத் தாளை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள். “உக்காரு” என்றாள். தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனால் அங்கே கணக்கு சார் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“உங்க வீட்டுக்காரர் கடைக்கு நீங்களே தப்பு போட்டுட்டீங்களே டீச்சர். நான்கூட அங்கதான் வாங்குறேன். போன வாரம் சொத்தை ஒண்ணு போட்டுட்டாரு, அதையும் சேர்த்துத் தப்பு போட்டுடுங்க.”

டீச்சரும் கூடச் சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. ஏன் விடவில்லை என்று தெரிய வேண்டுமானால் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவள் வளர்ந்தது ஒரு அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில். அப்பா பஸ் கண்டக்டர். வீட்டில் பச்சையாக இருந்தது அம்மா வைத்திருந்த பிளாஸ்டிக் பூச்செடி ஒன்றுதான். அதையும் மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவுவார்கள். காய் வாங்க யாரும் கீழே இறங்குவதில்லை. தெருவில் தள்ளுவண்டி வந்து குரல் கொடுத்ததும் கயிற்றில் கூடையைக் கட்டி இறக்குவார்கள். வண்டிக்காரன் காயைப் போட்டுக் கயிற்றை இரண்டு தரம் இழுப்பான். அதுதான் ‘தூக்கு’ என்பதற்கு அடையாளம். கூடை கனமாக இருக்கக்கூடாது என்று அவன் முள்ளங்கியின் இலைகளை முறுக்கிக் கழற்றிவிட்டுத்தான் போடுவான். முள்ளங்கிக்கு இலை என்று ஒன்று இருப்பதே அவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்.

கல்யாணம் அந்த வண்டிக்காரனோடுதான் நடந்தது. ஆசிரியப் பயிற்சி முடித்த பெண் காய்கறிக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று வீட்டில் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாங்கில் வேலை பார்க்கும் அக்கா மட்டும் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்படி பேசினாள்.

“கூடையை இறக்குடின்னா, கூடையோட நீயும் இறங்கிப் போயிட்டியேடி!”

வண்டி பிறகு பள்ளிக்கூடத் தெரு முனையில் ஒரு சின்னக் கடை ஆயிற்று. அவள் அதே தெருவில் டீச்சர் ஆனாள். இருவரும் காலையில் ஒரே நேரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். கடைக்காரர் முள்ளங்கியைத் தடவிப் பார்த்தே எது இளசு, எது முற்றல் என்று சொல்லிவிடுவார். ஆனால் அது மண்ணில் எப்படி நிற்கும் என்று அவரும் பார்த்ததில்லை. சந்தையில் பார்க்கும்போதே அது மூட்டையாகத்தான் இருக்கும்.

ஆக, பிள்ளைகளின் பதிலுக்குத் தப்பு போட்ட டீச்சரும் சரியான பதிலைப் புத்தகத்தில் படித்தவள்தான். இது அவளுக்கு முள்ளாக உறுத்தியது. பிள்ளைகளோடு சேர்ந்து தானும் ஒரு தடவை முளைக்கவைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயை ஒட்டி, உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்த ஒரு துண்டு நிலம் இருந்தது. தலைமை ஆசிரியையிடம் போய்க் கேட்டாள். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. பத்துப் பேர் பத்துத் திசையில் இழுக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், அவ்வளவுதான்.

“அந்த இடத்தை வண்டி நிறுத்தக் கேட்டு டீச்சர்ஸ் எல்லாம் என் உயிரை வாங்குறாங்கம்மா. கணக்கு சார் புது ஸ்கூட்டர் வாங்கினதுலேருந்து தினம் வந்து நிக்குறாரு, வண்டி வெயில்ல காயுதாம்.”

“ஒரே ஒரு தடவை குடுங்க மேடம். பிள்ளைங்க பாக்கட்டும்.”

“சரி, குடுக்குறேன். பெற்றோர் நாள் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் பிடுங்கிக் காட்டுங்க. காட்டிட்டா இடம் உங்க கிளாசுக்குத்தான், எவன் கேட்டாலும் குடுக்க மாட்டேன். இல்லேன்னா மறுநாளே கம்பி நட்டு ஷெட்டு போட்டுடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து கண்ணைக் கசக்கக் கூடாது.”

பிள்ளைகள் பெஞ்சுகளை இழுத்துப் போட்டார்கள். கல் பொறுக்கினார்கள். ஒரு வாரம் வகுப்பறை முழுக்க மண். டீச்சர் விதைக்கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, ஆளுக்கு ஒரு குழி என்று பிரித்துக்கொடுத்தாள். வக்கீலுக்குச் சுவரோரம் கடைசி வரிசையில் கிடைத்தது. மூன்றாம் நாளே பச்சையாக எதுவோ தலை நீட்டியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு பாடத்தை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தது. வக்கீல் தன் செடி யாருடைய செடியோடும் குழம்பிவிடக்கூடாது என்று அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் கொண்டுவந்து தண்டில் கட்டினாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஏனோ செடிகள் துவண்டு துவண்டு நின்றன. டீச்சர் தண்ணீரைக் கூட்டினாள், குறைத்தாள். வெயிலுக்குப் பழைய சாக்கு கட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் இடைவேளையில் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் குந்தியிருந்தவன் பிரிட்ஜ் வரைந்த பையன். ஒவ்வொரு செடியாக இரண்டு விரலால் பக்குவமாகப் பிடுங்கி, வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உரியவரிடம் காட்டிவிட்டு, மறுபடி குழியில் வைத்து அழுத்தி, தண்ணீரும் தெளித்தான். டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பது மாதிரியே இருந்தது. யாரும் தள்ளிக்கொள்ளவில்லை. அவ்வளவு ஒழுங்கை அவள் தன் வகுப்பில் கண்டதே இல்லை.

“என்னடா பண்றீங்க?”

“வளர்ந்துருச்சான்னு பாக்குறோம் டீச்சர்.”

“தினமுமா?”

“தினமும்னா... காலையில ஒரு தடவை. இண்டர்வல்ல ஒரு தடவை.”

“சாயங்காலம்?”

“சாயங்காலம் பஸ் வந்துரும் டீச்சர்.”

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டாள். “பிடுங்கினா எப்படிடா வளரும்?”

“எங்கப்பா என்னைத் தினமும் சுவத்துல சாய்ச்சு வெச்சு அளந்து பாக்குறாரே டீச்சர். நான் வளரலையா?”

“உங்கப்பா உன்னைப் பிடுங்கியாடா பாக்குறாரு?”

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுபோனது. அவளுக்கும் ஒரு விஷயம் தெரியும். பிள்ளைகள் போன பிறகு ஒரு சாயங்காலம் அவளே ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறாள். மண்ணுக்குள்ளே நடப்பதை நம்பிக் காத்திருக்க அவளுக்கும் பழக்கமில்லை. பார்த்துவிட்டு, யாரும் கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து, திரும்ப நட்டிருக்கிறாள். அதனால் யாரையும் திட்ட அவளுக்கு நாக்கு எழவில்லை.

அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஆனால் காலம் கடந்துவிட்டது. பாதி வாடிப்போயிற்று. மீதி இலையோடு நின்றதே தவிர, கீழே கிழங்கு இறங்கவில்லை. சிலது இரண்டு காலாகப் பிரிந்து, விரல் கனம்கூட இல்லாமல் முறுக்கிக்கொண்டிருந்தது. மறுபடி விதைக்க நாள் இல்லை.

பெற்றோர் நாளுக்கு முந்தின மாலை, பின்பக்கத்தில் கணக்கு சார் டேப்பை நீட்டி அளந்துகொண்டிருந்தார். “சும்மாதான் டீச்சர். எத்தனை வண்டி நிக்கும்னு பாத்தேன். நீங்க கவலைப்படாதீங்க” என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குக் கவலை உச்சிக்கு ஏறியது.

வீட்டில் கடைக்காரர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“என்ன டீச்சரம்மா, முகம் வாடின கீரை மாதிரி கிடக்கு?”

அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

“இதுக்கா இந்தப் பாடு? நாளைக்கு விடியக்காலம் சந்தைக்குப் போறேன்ல. இலையோட நல்லதாப் பாத்து எடுத்துட்டு வந்துடுறேன். ஈரமண்ணுல சொருகினா முடிஞ்சுது. பிள்ளைங்க பிடுங்கப் போவுது, ஊர் கை தட்டப் போவுது.”

“விளையாடுறீங்களா? பிள்ளைங்ககிட்ட எப்படிங்க...”

“பிள்ளைங்களுக்கு என்ன தெரியணும்? முள்ளங்கி மண்ணுக்குள்ள இருக்கும்னு தெரியணும். நாளைக்கு மண்ணுக்குள்ள இருக்குமா, இருக்காதா?”

“இருக்கும்.”

“அவ்வளவுதான். இடமும் உனக்கு நிக்கும். அடுத்த தடவை நிஜமாவே வளத்துக் காட்டு. நான் என்ன உன்னை ஆயுசுக்குமா ஏமாத்தச் சொல்றேன்?”

அவள் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “சாப்பிட வாங்க, ஆறிப்போகுது” என்றாள். படுக்கப் போகும்போது கடிகாரத்தில் அலாரத்தைத் திருகி வைத்தாள். அது போதும், அவருக்குப் புரிந்துவிட்டது.

பொழுது புலர்ந்தும் புலராமலும் அவர்கள் சந்தை முள்ளங்கிச் சாக்கோடு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார்கள். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு, சாக்கையும் பார்த்து, டீச்சரையும் பார்த்து, “நான் டீ குடிச்சுட்டு வரேன்” என்று நடையைக் கட்டினார். கடைக்காரர் கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கினார். டீச்சர் பழைய செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு பையில் போட்டாள். சுவரோரம் கடைசிச் செடியில் சிவப்பு நூல் இருந்தது. அதை மட்டும் அந்தப் பையில் போடக் கை வரவில்லை. ஈரத்தோடு தன் தோள்பையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பிப் பார்த்தபோது அவர் வேலையை முடித்திருந்தார். ஒவ்வொன்றையும் கழுத்து வரை புதைத்து, இலையை நிமிர்த்திவிட்டு, பழக்கத்தில் மேலே கொஞ்சம் தண்ணீரும் தெளித்திருந்தார். பார்க்கக் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. என்னவோ ஒன்று ரொம்பப் பழகினதாகவும் இருந்தது. என்னவென்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

பெற்றோர் வந்தார்கள். நாற்காலிகளைப் பின்பக்கமே போட்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை மைக்கைத் தட்டி, நம் பிள்ளைகள் தம் கையாலே விளைவித்தது என்று சொன்னார். பிரிட்ஜ் வரைந்த பையன் முதலில் பிடுங்கினான். அவன் முழங்கை நீளத்துக்கு வெள்ளையாக ஒன்று வந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது. பிறகு அடுத்தவள், அடுத்தவன். அப்பாக்கள் போன் நீட்டிப் படம் எடுத்தார்கள். “இடம் உங்க கிளாசுக்குத்தான்மா” என்று தலைமை ஆசிரியை டீச்சரின் காதோரம் சொன்னார். கணக்கு சார் டேப்பைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டார். பின்னால் ஓரமாக நின்றிருந்த கடைக்காரர் மீசைக்குள் சிரித்தார்.

வக்கீலின் முறை வந்தது. அவள் பிடுங்கவில்லை. சுவரோரம் குந்தி இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

“பிடுங்கும்மா, எல்லாரும் பாக்குறாங்கல்ல” என்றாள் தையல்காரி.

“இது என்னுது இல்லம்மா. என்னுதுல நூல் இருக்கும்.”

“நூல் அவுந்து விழுந்திருக்கும்டி. பிடுங்கு.”

“நான் மூணு முடிச்சு போட்டேன்.” அவள் எழுந்தாள். பாத்தியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தாள். “டீச்சர், பெருசு எல்லாம் முன்னாடி வரிசையில இருக்கு. சிறுசு எல்லாம் பின்னாடி இருக்கு.”

“அதனால என்ன?”

“அங்கிள் கடையில இப்படித்தான் அடுக்கியிருப்பாரு.”

டீச்சர் பாத்தியைப் பார்த்தாள். இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாங்க வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் பெரியது, போகப்போகச் சிறியது. தினமும் அவள் தாண்டிப் போகிற அடுக்கு. மனுஷன் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு கடையைப் பரப்பி வைத்திருந்தார். கடைக்காரர் மெல்ல ஒரு வராந்தாத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

“குழந்தை என்ன சொல்லுது?” என்றார் தலைமை ஆசிரியை, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு.

ஒன்றுமில்லை மேடம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். தையல்காரியே மகளை இழுத்துக்கொண்டு போய் உட்கார்த்தியிருப்பாள். இடம் நின்றிருக்கும். அடுத்த பருவத்துக்கு நிஜமாகவே விதைத்திருக்கலாம். டீச்சர் இதையெல்லாம் நினைத்தாள். வக்கீல் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத் தாளோடு எழுந்து நின்றபோது இருந்த அதே முகம்.

டீச்சர் தோள்பையைத் திறந்து, சிவப்பு நூல் கட்டிய அந்த முறுக்கின வேரை எடுத்தாள்.

“இதுதான் உன்னுது. நான்தான் காலையில பிடுங்கினேன். மத்தது எதுவும் இங்க வளரல. கடையிலிருந்து வந்தது.”

பிள்ளைகள் கையிலிருந்த முள்ளங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து பேசினார்கள். பிள்ளைகளை இப்படி ஏமாற்றலாமா என்றாள் ஒருத்தி. ஒரு அப்பா எழுந்து, “அது இருக்கட்டும், பிடுங்கினதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா? நல்ல இளசா இருக்கு” என்றார். தூணுக்குப் பின்னாலிருந்து, “இன்னிக்கு வந்த சரக்கு சார்” என்று ஒரு குரல் தன்னையறியாமல் சொல்லிவிட்டது. பாதிக் கூட்டம் சிரித்தது. தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை.

“நான் மைக்குலேயே சொல்லிட்டேனேம்மா” என்றார். அதற்கு மேல் அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வக்கீல் தன் செடியைக் குழாயடியில் கொண்டுபோய்க் கழுவினாள். நுனியில் கடித்தாள். பக்கத்தில் நின்ற பிரிட்ஜ் பையனுக்கும் நகத்தளவு கிள்ளிக் கொடுத்தாள்.

“எப்படி இருக்கு?”

“காரம்” என்று அவன் துப்பினான்.

“என்னுதுதானே, அப்படித்தான் இருக்கும்.”

தலைமை ஆசிரியை சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே கம்பி நட்டார்கள். கணக்கு சார் தன் ஸ்கூட்டரை முதல் ஆளாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, டீச்சரைப் பார்த்ததும் ஏனோ அதைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். வீட்டில் கடைக்காரர் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், “பழக்கதோஷம். கை தானா அடுக்கிருச்சு” என்றார். அவள், “எனக்கும் கண்ணு பழகிப்போச்சு. நான் மட்டும் பாத்தேனா?” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வகுப்பில் முடியவில்லை. “அங்கிள் கடைக்கு எங்கிருந்து டீச்சர் வந்துச்சு?” என்று கேட்டாள் வக்கீல். சந்தையிலிருந்து. “சந்தைக்கு?” டீச்சர் அன்று கணவரைக் கேட்டாள். அவர் மறுநாள் மொத்த வியாபாரியைக் கேட்டார். லாரியில் வருகிறது என்றார் அவர். பிள்ளைகள் காலையில் உள்ளே வரும்போதே, “லாரிக்காரரைக் கேட்டாரா டீச்சர்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். கேட்டார். லாரிக்காரர் பீடியைக் கீழே போட்டுவிட்டு, “நான் சீட்டை விட்டு இறங்குறதே இல்லண்ணே. ஏத்துற எடத்துல தூங்கிடுவேன்” என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் இதைக் கேட்டுத் துள்ளித் துள்ளிச் சிரித்தார்கள். யாருக்குமே தெரியாதது அவர்களுக்குப் பெரிய விளையாட்டாக இருந்தது. அப்படியானால் மூட்டை ஏற்றுகிறவரைக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று.

அரையாண்டுத் தேர்வில் டீச்சர் அதே கேள்வியை மறுபடி கொடுத்தாள். திருத்தும்போது கடைக்காரர் எதிரே உட்கார்ந்து மறுநாள் சந்தைக்குச் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு தாளை எடுத்து வாய்விட்டுப் படித்தாள். “அங்கிள் கடையிலிருந்து. கடைக்குச் சந்தையிலிருந்து. சந்தைக்கு லாரியிலிருந்து. லாரிக்கு எங்கிருந்து என்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறோம்.”

“வக்கீலா?”

“வேற யாரு?”

சிவப்புப் பேனாவால் சரி போட்டாள். அவர் சாக்கைக் கீழே வைத்தார்.

“கேட்டுக்கிட்டிருக்கோம்னு எழுதியிருக்கா. அப்ப நாளைக்கும் நான் கேக்கணுமா?”

“பின்ன? அந்த ஏத்துறவரு வருவாரான்னு பாருங்க.”

“அவரு வர்றதில்லடி, அவரு அங்கேயே இருப்பாரு. லாரியில ஏறிப் போனாத்தான் பாக்க முடியும்.”

“லாரியில எத்தனை பேரு உக்காரலாம்?”

“எதுக்கு?” என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “கேட்டுச் சொல்றேன்” என்றார்.